பொம்மைக்குப் போன நடை

நூலகத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாளுக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வலது காலை இழுத்து வீசித்தான் நடப்பாள். பேச்சும் மூக்கால் வரும். ஆனால், "ஈரமா இருக்கு, மிதிக்காதீங்க!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் பெரிய படிப்பாளிகள்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாகப் போவார்கள். அவள் சொல்லி யாராவது கேட்டார்கள் என்றால் அது அங்கே மட்டும்தான்.

சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் நடத்த நூலகர் ஏற்பாடு செய்தார். வந்தவர் பரம்பரைக் கலைஞர்; குரலை மாற்றிப் பேசுவதில் கில்லாடி. ஒரு வாரம் திரைக்கு மேலே புதுப்பொம்மை ஒன்று எட்டிப் பார்த்தது. சாய்ந்த இடுப்பு, கையில் துடைப்பம். "ஈரமா இருக்கு, மிதிக்காதீங்க!" என்று மூக்கால் கத்திவிட்டுத் தன் வாளியிலேயே தலைகுப்புற விழுந்தது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நூலகருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். பின்வரிசையில் தன் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதை அம்மாள் பார்த்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் கலைஞரிடம் போனாள்.

"தம்பி, அத மட்டும் எடுத்துடுப்பா. தெருவுல தலகாட்ட முடியாது."

"என்னக்கா நீங்க! இன்னைக்குக் கைதட்டே உங்களுக்குத்தான்."

அடுத்த வாரம் பொம்மை கைகூப்பி, "தம்பி, அத மட்டும் எடுத்துடுப்பா" என்று கெஞ்சியது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு.

நூலகரிடம் முறையிட்டாள்.

"தமாசும்மா, இதப் போய் பெருசு பண்றீங்களே! வேணும்னா ஊர்க்கோடி கிளைக்கு மாத்திவிடறேன்."

போனாள். பஸ் மாறிப் போக வேண்டும்; ஆனாலும் நிம்மதியாக இருந்தது. அங்கேயும் ஆட்கள் அவள் சத்தத்துக்கு ஒதுங்கிப் போகத் தொடங்கினார்கள்.

நிகழ்ச்சிக்கு நல்ல பெயர் கிடைத்ததால் எல்லாக் கிளைகளிலும் நடத்தச் சொல்லிவிட்டார்கள். வாசலில் வண்டி வந்து நின்றபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பொம்மை வந்தது, நடந்தது. ஒரு சிறுமி திரையைப் பார்த்தாள், பிறகு மெல்லத் திரும்பி இவளைப் பார்த்தாள். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

ஆட்டம் முடிந்ததும் சிறுமி ஓடி வந்தாள். "பாட்டி, நீங்க நடந்து காட்டுங்களேன்!"

"கால் வலிக்குது கண்ணு."

குழந்தைகள் சுற்றி நின்று காத்திருந்தார்கள். அவளுக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கவில்லை.

கலைஞர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வரட்டுமாக்கா?" என்றார்.

"போயிட்டு வாங்க" என்றாள், மூக்கால் வந்துவிடக் கூடாதே என்று குரலை அடக்கிக்கொண்டு.