மூன்று மாத வித்தியாசத்தில் அண்ணனும் தம்பியும்

இன்று காலை பாறசாலை பஸ்ஸில் வைத்து சுந்தரம் அண்ணன் என்னைக் கள்ளன் என்றார். பஸ் முழுக்கக் கேட்டது.

அவருடைய பூட்டனும் என் பூட்டனும் கூடப்பிறந்தவர்கள். மூத்தவரின் வம்சத்துக்குத்தான் குடும்பக் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மாலை. சண்டை அதற்குத்தான்.

ராஜா காலத்துப் பாகப்பத்திரம் என்னிடம் இருக்கிறது. அதில் என் பூட்டன்தான் மூத்தவர். அண்ணன் அதே காலத்துப் பள்ளிக்கூட ரெஜிஸ்டரின் நகலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் அவருடைய பூட்டன் மூன்று மாதம் மூத்தவர்.

"எலே, இது சர்க்கார் ரேகையாக்கும், பள்ளிக்கூட ரெக்கார்டு. நீ பத்திரத்தத் திருத்தி வச்சிருக்கே."

"அண்ணே, ஒரே அம்மைக்கு மூணு மாசத்துல அடுத்த பிள்ள பொறக்குமா?"

கண்டக்டர் சிரித்துவிட்டார். அண்ணனுக்கு முகம் சிவந்தது.

"குடும்பத்துப் பொம்பளையக் கேவலப்படுத்துதியா?"

பிள்ளையைச் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாக ஒரு தேதியை எழுதியிருப்பார் என்றேன்.

"வாத்தியாரு பொய் எழுதுவாராலே? நெய்யாற்றின்கரை கோர்ட்டுல வச்சுப் பாக்கலாம்" என்று கத்திவிட்டு இறங்கிப் போனார்.

காலையிலிருந்து எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்கிறவர்களுக்கு நன்றி. ஆனால் நான் பிறந்தது ஐப்பசியில். இன்றைய தேதி, ஒன்றாம் வகுப்பில் ஹெட்மாஸ்டர் போட்டது.

சுந்தரம் அண்ணனைச் சேர்த்ததும் அதே ஹெட்மாஸ்டர்தான். அண்ணனுக்கும் இன்றுதான் பிறந்தநாள். மறக்காமல் அவருக்கும் வாழ்த்து சொல்லிவிடுங்கள்.