விளக்கு எரிந்த ஒயர்

சுகுணாவால் ஒரு நிமிடம் சும்மா உட்கார முடியாது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ஒயரிங் செட் செய்யும் கம்பெனியில் சோதனை வேலை. செட்டைப் பலகையில் மாட்டுவாள், விளக்குகள் எல்லாம் எரிந்தால் 'சரி' என்று ஸ்டிக்கர் ஒட்டுவாள். லீவு நாளில் எங்கள் கல்யாணக் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிப்பாள். பாடுவது நான், அதியா.

அவளுடைய கீபோர்டு தனியாகச் சத்தம் போடாது. லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்போடு ஒயரில் சேர்த்தால்தான் இசை வரும். போன கச்சேரியில் பாதியில் ஊமையாகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் இசை பதிந்த பென்டிரைவே போதும், கீபோர்டுக்கு ஆள் வேண்டாம் என்று குழுவை நடத்தும் கங்கப்பன் அண்ணன் சொல்லிவிட்டார்.

ராயக்கோட்டை மண்டபத்தில் மறுபடியும் ஊமை. பெண் வீடு கர்நாடகத்து ஆனேக்கல். பெண் உள்ளே வரும்போது கன்னடப் பாட்டு வேண்டும். சுகுணா கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். மிடி போர்ட்டுகளின், அதாவது லேப்டாப்புக்குத் தெரிகிற இசைக் கருவிகளின், பட்டியல் வந்தது. லினக்ஸ் தானாகப் போட்டுவைக்கும் 'மிடி த்ரூ' இருந்தது, கீபோர்டின் பெயரைக் காணோம். லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டாள். மறுபடி தட்டினாள். அதே பட்டியல்.

"ஒயரு போயிருக்குமோ?" என்றேன்.

"கீபோர்டுல லைட்டு எரியுது பாரு. எனக்கே ஒயரு பத்திச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தாள்.

கங்கப்பன் பென்டிரைவைச் செருகினார். "அதியா, மைக்க எடும்மா."

"தொண்ட கட்டிக்கிச்சுண்ணா, சுடுதண்ணி குடிச்சிட்டு வரேன்."

பச்சைப் பொய். மண்டப ஆபீஸுக்கு ஓடி, மேனேஜரிடம் கெஞ்சி, பிரிண்டர் ஒயரை உருவி வந்தேன். முனை அதேதான். சுகுணா அதை மாட்டிக் கட்டளையைத் தட்டினாள். பட்டியலில் கீபோர்டின் பெயர்! பெண் வாசலில் நிற்க, சுகுணா கன்னடப் பாட்டை வாசித்தாள். ஆனேக்கல்காரர்கள் விசிலடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கச்சேரி முடிந்ததும், கம்பெனியில் கழித்த ஒயரைச் செய்வதுபோல், பழைய ஒயரை இரண்டாக நறுக்கினாள்.

"கரண்டு வர்ற கம்பி நல்லாருக்கு, அதான் லைட்டு எரிஞ்சுது. சேதி போற கம்பி உள்ள அறுந்திருக்குடி. கம்பெனில ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு லைட்டு வெச்சுப் பாக்கறவ நான், இங்க ஒத்த லைட்ட நம்பிட்டேன்!"

"ஞாயித்துக்கெழம ஊத்தங்கரை. வந்துடு சுகுணா" என்றார் கங்கப்பன்.

அவள் காதில் விழவில்லை. பிரிண்டர் ஒயரைத் திருப்பிக் கொடுக்காமல், பெயர் இன்னும் இருக்கிறதா என்று மறுபடி பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.