சக்கரபாணியின் நாலு வார்த்தை

மில் தொழிலாளியின் மகள் செல்வாம்பாள், பிளஸ் டூவோடு படிப்பை விட்டவள். இன்று கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு உப்பளம் என்ற பேட்டையில் வீடு வீடாகப் போகிறாள். பெப்டைடு எனும் புரதத்தின் சின்னத் துண்டு முதியவர்களின் ஞாபகத்துக்கு உதவுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. பாதிப் பேர் மூக்கில் மருந்துச் சொட்டு, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது. அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிடுக்கு வரும். வரட்டுமே, வேலை அப்படி.

மறதி கண்ட பழைய மில்காரர் சக்கரபாணி, மார்ச்சில் அவள் வாசித்த பத்துச் சொற்களில் மூன்றைத்தான் திருப்பிச் சொன்னார். ஜூனிலும் அதே பட்டியல்தான். மூன்று மாதத்தில் யாருக்கு நினைவிருக்கும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் போட்ட கணக்கு. சக்கரபாணியின் மனைவி ராஜாம்பாளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இம்முறை பத்தும் வரிசை பிசகாமல் வந்தன. செல்வாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனால், கதவில் ஒரு காலண்டர் தாள். அதன் பின்புறம் அதே பத்துச் சொற்கள்.

"போன தடவ நீ சொல்லச் சொல்ல எழுதி வச்சிக்கினேம்மா," என்றாள் ராஜாம்பாள். "தெனம் ஒப்பிச்சாதான் தட்டு வப்பேன். மார்க் கொறஞ்சா சொட்ட நிறுத்திடுவாங்கல்ல? முப்பது வருசத்துல ஒரு மெமோ வாங்காத மனுசன்."

"மார்க்குக்காக யாரையும் நிறுத்த மாட்டாங்கம்மா."

பத்தை அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆராய்ச்சியிலேயே பெரிய மதிப்பெண், கொண்டுபோனவளுக்குப் பாராட்டு. ஆனால் அந்தப் பொய்யை நம்பி நாளைக்கு எத்தனை கிழவர்கள் மூக்கில் சொட்டு விட்டுக்கொள்வார்களோ. செல்வாம்பாள் தாளில் போட்டிருந்த பத்தை அடித்து, நடந்ததை எழுதி, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் முகிலனுக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு மாற்றுப் பட்டியலை வாசிக்கச் சொன்னார்.

ராஜாம்பாளை வாசலுக்கு அனுப்பிவிட்டு வாசித்தாள். சக்கரபாணி நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து நாலு சொன்னார்.

"நாலுதானா?" உள்ளே வந்த ராஜாம்பாளின் முகம் வாடிவிட்டது.

"மருந்தா தண்ணியா, எனக்குத் தெரியாதும்மா. ஆனா இது யாரும் சொல்லிக்குடுக்காம வந்தது."

சக்கரபாணி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"நாலுன்னே எழுதும்மா. அந்தப் பத்து இவளோடது."