ஐந்து நாள் பூட்டு

வட்டுக்கோட்டைப் பூரணம் புருசனோடு வாழ்ந்தது மொத்தம் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் சீவரத்தினம் மலாயா றெயில்வே உத்தியோகத்துக்குக் கப்பலேறிவிட்டான். மூன்று வருடம் அவள் கடிதங்களோடு குடித்தனம் நடத்தினாள். முகம் மறந்து எழுத்துத்தான் நினைவில் நின்றது. சந்தையில் எதிர்ப்பட்டால், கையெழுத்துப் போடச் சொல்லித்தான் ஆளை அடையாளம் பிடித்திருப்பாள்.

முப்பத்து மூன்றாம் ஆண்டுச் சித்திரையில் வழி பிறந்தது. மலாயாவிலிருந்து வந்திருந்த மைத்துனியும் கணவரும் திரும்பப் போகிறார்கள், அவர்களோடு போகலாம். தனியே ஒரு பெண்பிள்ளையைக் கடல் கடத்த ஊரில் எவரும் சம்மதிக்கமாட்டார். செவ்வாய்க்கிழமை கொழும்பில் கப்பல். திங்கள் மாலை யாழ்ப்பாணத்தில் ரயில். கையில் கலியாணப் பதிவின் பிரதி வேண்டும். அது இரண்டு கிழமையாகப் பதிவுக் கந்தோரில் எழுதி முடிந்து, மேசை லாச்சிக்குள் படுத்திருந்தது.

எடுக்கப் போகவிடாமல் மறித்தவள் தாய் பராசக்தி.

"வருசப்பிறப்பண்டைக்கு வாங்குவம் பிள்ளை. மருத்துநீர் வைச்சு முழுகிப்போட்டு, வருசத்து முதல் வரவா, கைவிசேடமா அந்தக் கடதாசியை வாங்கு. பிறகு உன்ரை மனுசன் உன்னை விட்டு ஒரு அடி அசையான், பார்."

வியாழக்கிழமை வருசம் பிறந்தது. தாயும் மகளும் புதுச்சேலையோடு வண்டியில் போய் இறங்கினார்கள். கந்தோர்க் கதவில் பூசணிக்காய் அளவில் ஒரு பூட்டு.

பூரணம் கலங்கவில்லை. "இது எங்கடை பெருநாள் தானேயம்மா. கிளாக்கர் செபமாலையர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போறவர். அவருக்கென்ன வருசப்பிறப்பு? அவர் திறப்பார்."

குருநகர் வீட்டில் செபமாலையர், அயல் சைவ வீட்டார் கொடுத்த பயத்தம்பணியாரத்தைக் கடித்தபடி வாசலுக்கு வந்தார்.

"உங்கடை வருசப்பிறப்பு நல்ல ருசி. ஆனால் லீவு எனக்கும்தான் பிள்ளை. திறந்தாலும் பயனில்லை. கதவுப் பூட்டின்ரை திறப்பு என்னட்டை, லாச்சிப் பூட்டின்ரை திறப்பு மற்றக் கிளாக்கர் பரமலிங்கத்தாரிட்டை. அவர் கீரிமலைக்கு முழுகப் போயிட்டார்."

அடுத்த நாள் பெரிய வெள்ளி. பரமலிங்கம் சைவர், அவருக்கென்ன பெரிய வெள்ளி என்று சங்கானைக்கு ஓடினார்கள். நெற்றி நிறையத் திருநீற்றோடு அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

"ஐயா, இண்டைக்கு வேதக்காரருக்குத்தானே லீவு?" என்றாள் பராசக்தி.

"யேசுநாதர் எல்லாருக்காகவும்தானேயம்மா பாடுபட்டவர்? லீவும் எல்லாருக்கும்தான்." மடியிலிருந்து திறப்பை எடுத்துக் காட்டினார். "லாச்சித் திறப்பு இந்தா. கதவுத் திறப்பை வைச்சிருக்கிறவர் கோயிலிலை முழங்காலிலை நிக்கிறார். அவரை எழுப்ப உங்களாலை ஏலுமோ?"

"கந்தோர் எப்ப திறக்கும்?"

"சனி, உயிர்த்த ஞாயிறு, பாஸ்குத் திங்கள் எல்லாம் கழிய. செவ்வாய் காலமை."

பூரணம் விரல் மடித்துப் பார்த்தாள். எத்தனை தரம் மடித்தாலும் திங்களுக்குப் பிறகுதான் செவ்வாய் வந்தது. திரும்பி வரும் வழியில் தாய் போட்ட சத்தத்தில் எங்கேயோ கிடக்கும் தொண்டைமானாற்று மீன்கள்கூட ஆழத்துக்கு ஓடியிருக்கும்.

திங்கள் மாலை அவள் தகரப் பெட்டியோடு ஸ்டேசனில் நின்றாள். கடைசி நேரத்தில் யாராவது அந்தக் கடதாசியோடு ஓடி வருவார் என்று ஒரு நினைப்பு. மைத்துனி யன்னலால் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"கடதாசி இல்லாமல் வந்தால் அங்கை இறங்க விடாங்கள் மச்சாள். இன்னும் ரெண்டு மூண்டு வருசத்திலை நாங்கள் திரும்பி வருவம் தானே, அப்ப கூட்டிக்கொண்டு போவம்."

ரயில் போய்விட்டது. தகரப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

செவ்வாய் காலை கந்தோர்ப் படியில் முதல் ஆளாக அவள். கதவுத் திறப்பும் லாச்சித் திறப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்குமுன் கடதாசி கைக்கு வந்துவிட்டது.

"பயணம் எப்ப பிள்ளை?" என்றார் செபமாலையர், வலு பட்சமாக.

"நேற்று ஐயா."

செபமாலையர் பரமலிங்கத்தைப் பார்த்தார். பரமலிங்கம் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். பூரணம் கடதாசியை நாலாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.