பந்தயம் கட்டாத மொட்டை

ஊரில் அப்பா செத்து, எரிந்து, கருமாதியும் முடிந்த பிறகுதான் கடிதம் மலாயாவில் உலு திராம் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கப்பலுக்கு என்ன அவசரம்? கொள்ளி வைத்தது தம்பி. தலைப்பிள்ளையான எனக்கென்று மிச்சம் இருந்தது மொட்டை ஒன்றுதான்.

சாவுக் கடிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது. படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டு ஆற்றுக்குப் போனேன். தோட்டத்து நாவிதர் ஜொகூர் பாருவுக்குப் போயிருந்ததால் கத்தியை நானே பிடித்தேன். பால்மரம் வெட்டிப் பழகிய கை அல்லவா, தலையிலும் சாய்வாகக் கோடு கோடாக வெட்டி வைத்தது. மீசையும் போயிற்று. என் முகத்தில் பார்க்கும்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

முங்கி எழுந்து லயத்துக்கு வந்தேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. ஒருவன் தும்மினால் பத்து வீட்டுக்கும் கேட்கும். பக்கத்து வீட்டு அண்ணன்தான் முதலில் பார்த்தார்.

“அலமாக்! இந்த வாட்டி யாருகிட்டடா தோத்தே?”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே மூச்சில் மூன்று டுரியான் பழம் தின்பதாகப் பந்தயம் கட்டித் தோற்று, ஒரு வாரம் பாதி மீசையோடு திரிந்தவன் நான். அதற்குள் எல்லா வாசலிலும் ஆட்கள், ஒரே சிரிப்பு. விஷயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இந்த வாட்டி பலாப்பழம்ணே” என்று வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவந்து வைப்பார்கள். முறை தவறக் கூடாதென்று அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தேன். யார் வருவார்கள்? அது சாவு வீடு என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்! சுவருக்கு அந்தப் பக்கம் கருவாடு வறுக்கும் வாசனை வந்தது. அப்பாவை நினைத்து அழப் பார்த்தால் கருவாடு குறுக்கே வந்தது. மறுநாளும் வேலைக்குப் போய்வந்து பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் தாங்காமல் விறகைச் செருகி ஊதினேன்.

புகையைக் கண்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். “ரெண்டு நாளா புகையே காணோம். என்னடா, விரதமா?”

“அடுப்பு எரியக் கூடாதுண்ணே. எங்கப்பா செத்துட்டாரு.”

சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “டேய், விளையாடாதே.”

“முந்தாநாள் கடுதாசி வந்துச்சு.”

அவர் குனிந்து, எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டு, சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். “நாங்க பக்கத்துலதானே இருக்கோம், பாவி! வாயில என்ன வச்சிருந்தே?” என்று கத்திக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் சம்சாரம் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் விடிவதற்கு முன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றோம். மொட்டையைத் தடவிக்கொண்டு வழக்கம்போல ஒரு வேடிக்கை சொன்னேன். நல்ல வேடிக்கைதான். ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் வந்து என் பால் வாளியை வாங்கித் தானே தூக்கிக்கொண்டார்.

எனக்கு அப்பா செத்தது அங்கேதான்.