கப்பலில் வரும் விலைக்குறைப்பு

இன்று காலை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்குச் சிலிண்டர் வந்தது. விலை மீண்டும் ஏறியிருந்தது.

“உலகச் சந்தையில கேஸ் வெல இறங்கிருச்சுன்னு செய்தியில சொன்னாகளே, தம்பி?” என்று கேட்டேன்.

சிலிண்டரை இறக்கி வைத்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஏறுனா போன்லயே வந்துருதுய்யா. இறங்குனா மட்டும் கப்பல்லதான் வருது.”

பூசைக்குப் பொங்கல் வைக்க எடுத்த பச்சரிசியை என் மனைவி மீண்டும் டப்பாவில் கொட்டினாள். “இனிமே சனிக்கிழமை மட்டும் பொங்கல். மத்த நாளு அவல நனைச்சு வச்சாப் போதும்.”

நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் சூடாக அமுது படைத்த வீடு இது. இன்று நனைத்த அவலையே பெருமாளுக்கு அமுது செய்வித்தேன்.

வாய் திறந்து கேட்கமாட்டார் என்பதால் முதலில் அவர் பங்கில் கை வைத்துவிட்டோம். உங்கள் வீட்டில் யார் பங்கில் கை வைத்தீர்கள்?