பலகை இல்லாத வளையம்

எங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியிலிருந்து மூன்று பெண்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். ஒருத்தி பிரான்சில் ஆடுகிறாள், ஒருத்தி ஸ்பெயினில், மூன்றாமவள் இங்கேயே சுவிஸ் முதற்பிரிவில். நானும் அதே அணிதான். மூன்று வருடமும் ஆட இறங்காமல் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் இருந்தேன். ஆனாலும் போகிற இடமெல்லாம் “எங்கட டீம்” என்றுதான் சொல்லித் திரிவேன். அதில் எனக்கு வெட்கமே கிடையாது.

போன கோடையில் அம்மா போன் எடுத்தார். தமிழர் விளையாட்டு விழாவில் பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸ் பகுதி அம்மாமாரின் வலைப்பந்து அணி வருடா வருடம் திரிம்பாக் ஊர் அணியிடம் தோற்கும். அதில் வளையத்துக்குள் பந்து போடுகிறவர் அம்மாதான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர். உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. கண் மூடுவதற்குள் அந்தக் கோப்பையை ஒருக்கா தூக்கிப் பார்க்க வேண்டும் என்பார்.

“இந்த முறை ரெண்டு பேர் குறையுது பிள்ளை. ஒராளுக்கு முழங்கால் ஒப்பரேஷன், மற்றவ கனடாவுக்குப் போட்டா. நீ வந்து நிக்கிறியோ?”

“நானோ? விடுங்கோ அம்மா. உங்களுக்கு உண்மையான ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்!”

அந்த மூவரும் விடுமுறைக்கு பேர்ண் வந்திருந்தார்கள். கொத்துரொட்டி வாங்கித் தருகிறேன் என்றதும் துள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மைதானத்தில் அவர்கள் காரிலிருந்து இறங்க இறங்க, முடிவே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். “ஐயோ, உதென்ன, லைட் போஸ்டோ!” என்று யாரோ கத்தினார். திரிம்பாக் தலைவி நடுவர் அக்காவிடம் ஓடினார். “அக்கா, இவை தமிழோ?” நடுவர் அக்கா விதித்தாளை மூக்குக்கு அருகில் பிடித்துப் படித்தார். “பதினெட்டு வயசுக்கு மேற்பட்ட பெண்கள் எண்டுதான் கிடக்கு. தமிழ் எண்டு எழுதேல்லை.” நான் குதித்த குதியில் என் செருப்பு ஒன்று எங்கேயோ பறந்தது.

அணியில் குறைந்தவர்கள் இரண்டு பேர். நான் கொண்டுவந்ததோ மூன்று பேர். ஒருவர் வெளியே நிற்க வேண்டும். அம்மா, பந்து போடுகிறவருக்கென்று நெஞ்சில் ‘ஜி.எஸ்.’ என்று எழுதிய தன் பட்டியைக் கழற்றி ஸ்பெயின்காரியிடம் கொடுத்தார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கோப்பை எங்களுக்குத்தான் என்று எல்லோருக்கும் வாட்ஸ்அப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பந்து இருக்கிறது, வளையம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? இதுதான் என் மூளை. பிரான்ஸ்காரி பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடினாள். விசில். வலைப்பந்தில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. சுவிஸ்காரி பந்தோடு இரண்டு எட்டு வைத்தாள். விசில். நடக்கவும் முடியாது. எதிராளிக்குக் கிட்டே போய்க் கையை விரித்தாள். அதற்கும் விசில். மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டுமாம். கடைசியில் ஸ்பெயின்காரி பழகின பழக்கத்தில், வளையத்துக்குப் பின்னால் இருக்கும் பலகையைக் குறிபார்த்து வீசினாள். வலைப்பந்து வளையத்துக்குப் பின்னால் பலகையே கிடையாது! பந்து வளையத்தைத் தாண்டிப் போய் வடைத் தட்டில் விழுந்தது. “பந்து வேணுமோ, வடை வேணுமோ?” என்று கடைக்கார அண்ணை கத்தினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டேன்.

இடைவேளையில் ஒன்பதுக்கு இரண்டு. எங்களுக்குத்தான் இரண்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அம்மாவைக் கண்டேன். ஓரமாக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மடியில் தண்ணீர்ப் போத்தல்கள். அந்த இருக்கை எனக்கு நன்றாகத் தெரியும். அதில் இருந்துகொண்டு மற்றவர்களுக்குக் கைதட்டுவது எப்படி இருக்கும் என்பதும் தெரியும். எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

“இந்த விளையாட்டு இங்கே யாருக்குத் தெரியும்?” என்று ஸ்பெயின்காரி கேட்டாள். நான் அம்மாவைக் காட்டினேன். அவள் நேரே போய் அம்மாவின் முன்னால் முழந்தாளிட்டுப் பட்டியைத் திரும்ப அணிவித்தாள். அப்போதும் அவள்தான் உயரம். அம்மா உடனே எழுந்து, முதியோர் இல்லச் சமையலறையில் பழகிய ஜெர்மனில் மற்ற இருவரையும் விரட்டத் தொடங்கினார். “ஷ்தா பிளீபே!” அசையாமல் நில் என்று அர்த்தம். பிரான்சின் அரங்குகளில் ஆடுகிறவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் மூச்சு வாங்குகிறது. இருவரும் எல்லோர் தலைக்கும் மேலே பந்தைப் பிடித்தார்கள், அப்படியே அசையாமல் நின்றார்கள், குனிந்து அம்மாவின் கையில் கொடுத்தார்கள். அம்மா நுனிக்காலில் எம்பி, மணிக்கட்டை ஒரு சுண்டு. உள்ளே! மறுபடியும் உள்ளே! ஸ்பெயின்காரியும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினோம்.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. நடுவர் அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். பந்து அம்மாவிடம். வளையத்தின் விளிம்பில் அது இரண்டு தரம் சுற்றி, நின்று, யோசித்து, உள்ளே விழுந்தது. விசில்!

மூன்று தொழில்முறை ஆட்டக்காரிகளும் ஓடிப்போய் அம்மாவைத் தோளில் தூக்கினார்கள். “ஐயோ, இறக்குங்கோடி, விழப்போறன்!” என்று தமிழில் கத்தினார். ஆனால் கோப்பையைக் கையில் கொடுத்ததும் இறங்க மாட்டேன் என்றார். அங்கிருந்தே கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார். நான் வளர்ந்தபின் முதல் தடவையாக அம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

“அடுத்த வருசம் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வராதை. நீ வா. நான் அண்டைக்கு உன்னைத்தானே கேட்டனான்.”